மருத்துவமனைக்குக் காசு யார் தருவது? அரசு–தனியார் கூட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘அரசிடம் பணம் இல்லை, அதனால் தனியாரைச் சேர்த்துக்கொள்கிறோம்.’ வளரும் நாடுகளில் பெரிய மருத்துவமனைத் திட்டம் எதை எடுத்தாலும், அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி இருக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தனியார் இதில் தருவது பெரும்பாலும் தவணை அவகாசம்தான். இன்று அவர்கள் போடும் முதலீட்டை வட்டியும் லாபமும் சேர்த்து 15, 20 ஆண்டுகளில் யாரோ ஒருவர் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த யாரோ யார் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையில் பாதி வேலை.

சுகாதாரத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர், தொண்டு நிறுவனத்தில் திட்டம் எழுதுபவர், இதைப் பற்றிச் செய்தி எழுத வேண்டியவர் என யாராக இருந்தாலும், ஒரு அரசு–தனியார் கூட்டுத் திட்டம் கைக்கு வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. கூட்டல், கழித்தல், வட்டிக் கணக்கு தெரிந்தால் போதும்.

முதல் படி: நோய் என்னவென்று பாருங்கள்

தீர்வை முன்பே முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற சிக்கலைத் தேடுவது இந்தத் துறையின் பழைய வியாதி. அதனால் முதலில், இப்போது எது குறைகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். கட்டடம் இல்லையா? கருவி இல்லையா? கருவி இருந்தும் இயக்க ஆள் இல்லையா? எல்லாம் இருந்தும் நோயாளியால் கட்டணம் கட்ட முடியவில்லையா? நான்குக்கும் நான்கு மருந்து.

கென்யாவில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 2015இல் அந்த நாட்டு அரசு, 47 மாவட்டங்களிலும் உள்ள மருத்துவமனைகளுக்கு ஸ்கேன், டயாலிசிஸ், அறுவை அரங்கக் கருவிகளை ஏழாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. யோசனை மோசமில்லை. விலை கொடுத்து வாங்கி, பழுதானதும் மூலையில் போடுவதைவிட, பராமரிப்போடு சேர்த்து வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் பல இடங்களில் கருவி வந்து இறங்கியபோது அதை வைக்க ஏற்ற அறை இல்லை, சில இடங்களில் மின்சாரமோ தண்ணீரோ போதவில்லை, இயக்கத் தெரிந்தவர் இல்லை. கருவிகள் சும்மா கிடந்த காலத்துக்கும் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. 2020இல் அந்நாட்டு செனட் குழு இதை விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. அங்கே குறைந்தது கருவி மட்டுமல்ல, ஒப்பந்தமோ கருவியை மட்டுமே தந்தது.

இரண்டாம் படி: முதல் போடுபவர் வேறு, செலவைச் சுமப்பவர் வேறு

இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் எளிது. முதல் போடுபவர், கட்டடம் எழும்பும்போது காசு எடுத்து வைப்பவர்: வங்கி, பங்குதாரர், வளர்ச்சி வங்கி. செலவைச் சுமப்பவர், அந்தக் காசைக் கடைசியில் அடைப்பவர். சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் இந்த இரண்டாவது வரிசையில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள்: வரி கட்டும் மக்கள், மருத்துவமனையில் கட்டணம் கட்டும் நோயாளி, வெளிநாட்டுக் கொடையாளர். காப்பீடு வந்தால் பிரீமியம் கட்டுபவர் என்று நான்காவதாக ஒருவரைச் சொல்லலாம். ஆனால் ஏழைகளுக்கான காப்பீட்டில் பிரீமியத்தையும் பெரும்பாலும் அரசே கட்டுவதால், மறுபடி வரி கட்டுபவரிடமே வந்து நிற்போம்.

திட்ட அறிக்கையில் ‘முதலீடு திரட்டப்படும்’ என்று எழுதியிருந்தால், பக்கத்திலேயே பென்சிலால் ‘அடைப்பது யார்?’ என்று எழுதிவையுங்கள். விடை அறிக்கை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்றால், அது நோயாளியாக இருக்கும் என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

மூன்றாம் படி: எந்த வகைக் கூட்டு என்று அடையாளம் காணுங்கள்

பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வெவ்வேறு. சிறியதிலிருந்து பெரியதாகப் போவோம்.

மிக எளிமையானது சேவை ஒப்பந்தம். அரசு இடம் தருகிறது, தனியார் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து, செய்த அளவுக்குப் பணம் வாங்குகிறார். இந்தியாவில் 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் இந்த வகை. மாவட்ட மருத்துவமனையில் இடமும் மின்சாரமும் தண்ணீரும் அரசு தரும். இயந்திரம், தண்ணீர் சுத்திகரிப்பு, ஆட்கள் எல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. ஒரு தடவை டயாலிசிஸ் செய்தால் இவ்வளவு என்று கணக்கு. எண்ணிப் பார்க்கக்கூடிய சேவை, தரத்தை அளக்க முடிகிற சேவை. புதிதாகத் தொடங்குகிற எந்த அரசும் இங்கிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது நிர்வாக ஒப்பந்தம். கம்போடியாவில் 1999 முதல் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு சில மாவட்டங்களின் ஆரம்ப சுகாதாரப் பணியையே தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்துப் பார்த்தார்கள். சில மாவட்டங்களில் ஆள் எடுப்பது உட்பட முழு அதிகாரமும் கொடுத்தார்கள், சிலவற்றில் அரசு ஊழியர்களை வைத்துக்கொண்டு நிர்வாகம் மட்டும், சிலவற்றை அரசே முன்புபோல் நடத்தியது. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக முதலிலேயே இப்படிப் பிரித்து வைத்ததுதான் அதன் சிறப்பு. ஒப்பந்தத்துக்கு விட்ட இடங்களில் சேவை கூடுதலாக முன்னேறியது. தனியார் என்றாலே லாப நிறுவனம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கும் இது சான்று.

பிறகுதான் கட்டட வகை. இதில் இரண்டு உண்டு. லத்தீன் அமெரிக்காவில் இவற்றுக்கு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: சாம்பல் அங்கி, வெள்ளை அங்கி. சாம்பல் அங்கி என்றால் கட்டடம், துப்புரவு, சலவை, பராமரிப்பு தனியாருக்கு, மருத்துவம் அரசுக்கு. வெள்ளை அங்கியில் டாக்டர், நர்ஸ், சிகிச்சை எல்லாமே தனியார் கையில். ஒரு திட்டத்தைப் பார்த்ததும் அங்கியின் நிறம் என்ன என்று கேளுங்கள். வெள்ளை என்றால் உங்கள் வேலை மும்மடங்கு.

கடைசியாக, கட்டடமே இல்லாத, நாட்டு எல்லை தாண்டிய கூட்டுகள். 2000இல் தொடங்கிய தடுப்பூசிக் கூட்டணியான காவி இதில் முக்கியம். அதற்காக 2006இல் உருவான நிதி ஏற்பாடு ஒன்று சுவாரசியமானது. பணக்கார நாடுகள் பல ஆண்டுகளில் தருவதாகச் சட்டப்படி உறுதி கொடுத்த தொகையை அடமானம்போல் காட்டி, சந்தையில் கடன் பத்திரம் வெளியிட்டு, அந்தப் பணத்தை முன்கூட்டியே தடுப்பூசிக்குச் செலவழித்தார்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி இன்று போட்டால்தான் பயன், பத்தாண்டு கழித்து வரும் நன்கொடை இன்று பிறந்த குழந்தைக்கு உதவாது என்ற எளிய தர்க்கம். 2009இல் வந்த இன்னொரு ஏற்பாட்டில் ஐந்து நாடுகளும் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து 150 கோடி டாலர் ஒதுக்கி, நிமோனியா போன்ற நோய்களைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசியைத் தயாரித்துத் தந்தால் வாங்குவது உறுதி என்று கம்பெனிகளுக்கு முன்வாக்கு கொடுத்தன. பதிலுக்கு, கம்பெனிகள் ஒரு டோஸை 3.50 டாலருக்கு மேல் விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டன. தொடக்க டோஸ்களுக்கு மட்டும் அந்த நிதியிலிருந்து கூடுதலாக ஒரு தொகை கிடைத்தது. பொருள் வந்தால்தான் பணம், இதுதான் அதன் பலம்.

நான்காம் படி: கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

இங்கேதான் பலரும் பயந்து ஆலோசகரிடம் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஒரு கற்பனை உதாரணம். மருத்துவமனை கட்ட 100 கோடி வேண்டும். 18 ஆண்டில் அடைக்க வேண்டும். அரசு நேரடியாகக் கடன் வாங்கினால் 8 சதவீத வட்டி. தனியார் கூட்டமைப்பு தன் கடனுக்கான வட்டியையும் பங்குதாரர் லாபத்தையும் சேர்த்துச் சராசரியாக 13 சதவீதம் எதிர்பார்க்கிறது.

சமத் தவணைக் கணக்கில் அரசுக் கடனுக்கு ஆண்டுக்குச் சுமார் 10.7 கோடி வரும். தனியாருக்குச் சுமார் 14.6 கோடி. வித்தியாசம் ஆண்டுக்கு 4 கோடிக்குக் கொஞ்சம் குறைவு, 18 ஆண்டில் சுமார் 71 கோடி. அரசு பொதுவாகத் தனியாரைவிட மலிவாகக் கடன் வாங்கும் என்பதால் இந்த இடைவெளி எந்தத் திட்டத்திலும் இருக்கும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இது: அந்தக் கூடுதல் 4 கோடிக்கு ஈடாகத் தனியார் என்ன செய்யப்போகிறார்? அரசு கட்டினால் மூன்றாண்டு தாமதமாகும், மதிப்பீட்டைத் தாண்டிச் செலவாகும், பராமரிப்புக்கு ஒதுக்கீடே வராமல் பத்தாண்டில் கூரை ஒழுகும் என்பது அந்த நாட்டு அனுபவமாக இருந்தால், 4 கோடி நியாயமான விலையாகக்கூட இருக்கலாம். அதை எண்ணாகக் காட்டச் சொல்லுங்கள். ‘தனியாரின் திறமை’ என்ற சொல்லை எண் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு கணக்கு உண்டு, அதை மறந்துவிடுகிறார்கள். ஆண்டுத் தவணையைச் சுகாதாரத் துறையின் மொத்த ஒதுக்கீட்டால் வகுத்துப் பாருங்கள். திட்டம் மலிவாக இருக்கலாம், ஆனாலும் அந்த நாட்டால் தாங்க முடியாமல் போகலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். தவணை என்பது ஒப்பந்தப்படி கட்டியே ஆக வேண்டிய பணம். பட்ஜெட் சுருங்கும் ஆண்டில் கிராமப்புற சுகாதார நிலையத்தின் மருந்துச் செலவைக் குறைக்கலாம், தவணையைக் குறைக்க முடியாது.

ஐந்தாம் படி: லெசோத்தோவை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்

தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சிறிய நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சம். தலைநகர் மசேருவில் இருந்த பழைய அரசு மருத்துவமனை நொடித்துப்போயிருந்தது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் ஆலோசனை சொல்ல, 2008இல் ஒரு தனியார் கூட்டமைப்போடு 18 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. வெள்ளை அங்கி வகை. 425 படுக்கையோடு குயீன் மமொஹாட்டோ நினைவு மருத்துவமனை 2011இல் திறந்தது.

மருத்துவம் நன்றாகத்தான் நடந்தது, இதை மறைக்கக் கூடாது. பழைய மருத்துவமனையோடு ஒப்பிட்ட ஆய்வில் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு வந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒப்பந்தத் தொகை ஆண்டுக்கு 20,000 உள்நோயாளி, 3,10,000 புறநோயாளி என்ற வரம்புக்கு உட்பட்டது. அதற்கு மேல் வரும் ஒவ்வொருவருக்கும் அரசு தனியாகக் கொடுக்க வேண்டும். நல்ல மருத்துவமனை திறந்தால் கூட்டம் வரும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? கூட்டம் வரம்பைத் தாண்டியது, கூடுதல் பில் வந்தது. அரசு தாமதமாகக் கட்டினால் அதற்கும் வட்டி. நாட்டின் சுகாதார பட்ஜெட்டில் பாதிக்கும் மேல், 51 சதவீதம், இந்த ஒரே மருத்துவமனைக்குப் போகிறது என்று 2014இல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. உலக வங்கி அந்தக் கணக்கை மறுத்தது. எண்ணில் தகராறு இருந்தாலும், தாங்க முடியாத சுமை என்ற அடிப்படை அப்படியே நின்றது. இதற்கிடையில் அரசு மருத்துவமனைகளுக்கு இணையான சம்பளம் கேட்டு நர்சுகள் வேலைநிறுத்தம் செய்ய, பெரிய அளவில் பணிநீக்கம் நடந்தது. 2021இல், 18 ஆண்டு முடியும் முன்பே, அரசு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

எதிர்ப்பவர்கள் இதைத் தோல்விக்கு உதாரணமாகக் காட்டுவார்கள், ஆதரிப்பவர்கள் இறப்பு விகிதத்தைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே மருத்துவமனை. சிகிச்சை நன்றாக இருந்ததால்தான் நிதி கவிழ்ந்தது என்பதை உள்வாங்கிக்கொண்டால், ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்: நோயாளி எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கும் பக்கம்.

ஆறாம் படி: எந்த ஆபத்து யார் தலையில்?

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நடக்கக்கூடிய கெட்டவை, வலப்பக்கம் நடந்தால் பணம் கொடுப்பவர். கட்டுமானம் தாமதமானால்? நோயாளி எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால், குறைவாக வந்தால்? ஊழியர் சம்பளம் ஏறினால்? புதிய நோய்த்தொற்று பரவினால்? உள்நாட்டுப் பணத்தின் மதிப்பு விழுந்தால்?

விதி எளிது. எதை யாரால் கட்டுப்படுத்த முடியுமோ அதை அவர் சுமக்க வேண்டும். கட்டுமானத் தாமதம் கட்டுபவர் தலையில், சட்டம் மாறினால் அரசின் தலையில். வலப்பக்கம் முழுக்க ‘அரசு’ என்றே வந்தால், அதைக் கூட்டு என்று சொல்வதற்கில்லை, விலை கூடிய கடன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாணய மதிப்புக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. துருக்கி 2017 முதல் ‘நகர மருத்துவமனைகள்’ என்ற பெயரில் பிரம்மாண்டமான வளாகங்களை இந்த முறையில் திறந்தது. வாடகைத் தொகை பணவீக்கத்தோடும் அந்நியச் செலாவணி மதிப்போடும் கட்டப்பட்டிருந்தது. அப்புறம் துருக்கிப் பணமான லிரா சரிந்தது. மருத்துவமனை அதே மருத்துவமனை, படுக்கை அதே படுக்கை, வாடகை மட்டும் ஏறியது. மீதித் திட்டங்களில் சிலவற்றை அரசு பட்ஜெட் பணத்திலேயே கட்டிக்கொள்ளும் முடிவுக்கு வந்தது. கடன் டாலரிலோ யூரோவிலோ, வரி வருமானம் உள்நாட்டுப் பணத்தில் என்றால், ஒப்பந்தத்தில் எத்தனை பாதுகாப்பு வாசகம் இருந்தாலும் அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருக்கத்தான் வேண்டும்.

ஏழாம் படி: எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்?

எதற்குக் காசோ அதுதான் நடக்கும். படுக்கைக்குக் காசு என்றால் படுக்கை நிரம்பும், ஸ்கேனுக்குக் காசு என்றால் ஸ்கேன் எடுப்பார்கள், தலைக்கு இவ்வளவு என்றால் சிக்கலான நோயாளியைத் தட்டிக்கழிப்பார்கள்.

குஜராத்தில் 2005இல் தொடங்கிய சிரஞ்சீவி திட்டம் ஏழைப் பெண்களின் பிரசவத்தைத் தனியார் டாக்டர்களிடம் கொண்டுபோனது. நூறு பிரசவத்துக்கு 1,79,500 ரூபாய், சுகப்பிரசவமோ அறுவையோ ஒரே சராசரி விலை. தேவையில்லாத சிசேரியனுக்குத் தூண்டுதல் இல்லாத நல்ல யோசனை. தொடக்கத்தில் எண்கள் பிரமாதமாகத் தெரிந்தன, பரிசுகள்கூட வந்தன. ஆனால் 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, திட்டம் இல்லாமலே அந்தக் காலத்தில் மருத்துவமனைப் பிரசவங்கள் கூடிக்கொண்டுதான் இருந்தன, திட்டத்தால் என்று சொல்லும்படி குறிப்பிடத்தக்க கூடுதல் எதுவும் தெரியவில்லை என்று காட்டியது. கம்போடியாவில்போல ஒப்பிட ஒரு குழுவை முதலிலேயே ஒதுக்கி வைக்காவிட்டால், கூரை ஏறிக் கூவிய பிறகுதான் உண்மை தெரியும்.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் பிரேசிலின் சால்வதோர் நகரத்துக்குப் போகலாம். 2010இல் திறந்த ஹாஸ்பிடல் தோ சுபூர்பியோ, அந்நாட்டின் முதல் அரசு–தனியார் கூட்டு மருத்துவமனை. அங்கே கட்டணத்தில் சுமார் 70 சதவீதம் சேவை அளவுக்கும், 30 சதவீதம் தரக் குறியீடுகளுக்கும் என்று பிரித்தார்கள். தரம் இறங்கினால் அந்த மாதப் பணமே இறங்கும். அபராதம் போட்டுக் கோர்ட்டுக்குப் போய்ப் பத்தாண்டு காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எட்டாம் படி: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

டெண்டரில் ஒரே ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றால் நிறுத்திவிட்டு மறுபடி அழையுங்கள். எதிர்ப்பக்கம் நிதி வக்கீல்கள் பட்டாளமாக வருவார்கள், அரசுப் பக்கத்திலும் அந்த அளவுக்கு ஆள் இருக்க வேண்டும். ஆலோசகருக்கு ஒப்பந்தம் முடிந்தால்தான் ஊதியம் என்று வைத்திருந்தால், அவர் ஒருநாளும் ‘வேண்டாம்’ என்று சொல்லமாட்டார். அந்த ஊதிய முறையை முதலில் மாற்றுங்கள். ஒப்பந்தத்தை வெளியிட முடியுமா என்றும் கேளுங்கள். ‘வணிக ரகசியம்’ என்ற பதில் வந்தால், விலைப் பட்டியலை மட்டும் மறைத்து மீதியை வெளியிடலாமே என்று திரும்பக் கேளுங்கள்.

கையெழுத்தான பிறகு வேலை முடிந்தது என்று எல்லோரும் கலைந்துவிடுவதுதான் வழக்கம். உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. மாதாமாதம் பில்லைச் சரிபார்க்க, வார்டுக்குப் போய் எண்ணிப் பார்க்க, தரக் குறியீட்டை மருத்துவமனை தரும் தாளில் இல்லாமல் நேரில் சோதிக்க, ஒப்பந்தம் முழுக்கத் தெரிந்த நிரந்தரக் குழு ஒன்று துறைக்குள் வேண்டும். அதிகாரி மாறினாலும் கோப்பு மாறாமல் இருக்க வேண்டும். இந்தக் குழுவின் சம்பளத்தைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள், பிற்பாடு கேட்டால் கிடைக்காது.

ஒப்பந்தம் முடியும் நாளைப் பற்றியும் தொடங்கும்போதே எழுதிவிட வேண்டும். பாதியில் முறிந்தால் யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது, நோயாளிகளை அன்றைய இரவு யார் பார்ப்பது என்பது உட்பட. முழுக் காலமும் ஓடிவிட்டால், முடிவதற்கு இரண்டாண்டு முன்பே கட்டடத்தையும் கருவிகளையும் வெளியாரை வைத்துச் சோதித்து, பழுதுகளைத் தனியார் செலவில் சரிசெய்து வாங்க வேண்டும். கருவிகளின் பட்டியல், மென்பொருள் உரிமம், கடவுச்சொற்கள், நோயாளிகளின் பதிவேடுகள், எந்த ஊழியர் அரசு வேலைக்கு மாறுவார், எந்தச் சம்பளத்தில் என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் கடைசியில் வரும் இணைப்பில் இருக்க வேண்டும். கடைசிப் பக்கம்தானே என்று அந்த இணைப்பை யாரும் படிப்பதில்லை. நீங்கள் அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம்.